கதவுக்கும் எலிவேற்றருக்கும் இடையில்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் அன்ரி என்றே கூப்பிட்டோம். பெயரை இங்கே எழுதினால் அவர் கோபிக்கமாட்டார். இப்போது மகளோடு ஒட்டாவாவில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டால் "எழுதுமன், அதுக்கென்ன" என்றுதான் சொல்வார். ஆனாலும் பெயர் வேண்டாம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஆயுள் காப்புறுதி விற்றவர்களில் பாதிப் பேருக்கு இதை வாசித்ததுமே ஆளைத் தெரிந்துவிடும். மற்றப் பாதிப் பேருக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அன்ரி ஓர் இடத்துக்குப் போகமுதல் அந்த இடத்தின் வாசலைப் பற்றி விசாரிப்பார். கலியாண மண்டபம், பிறந்தநாள் கொண்டாட்டம், வாடிக்கையாளர் வரச் சொன்ன கோப்பிக் கடை, எதுவானாலும் சரி. நாங்கள் எல்லோரும் கார் எங்கே நிறுத்தலாம் என்று கேட்போம். அவர், "கதவைத் திறந்தா முதல் என்ன தெரியும்?" என்று கேட்பார். கேட்கிற விதத்தில் ஒரு பதற்றமும் இருக்காது. கறிக்கு உப்புப் போட்டாச்சா என்று கேட்பது போலத்தான் கேட்பார். லொத்தர்ச் சீட்டு விற்கிற இயந்திரம் வாசலிலேயே இருக்கிற கடை என்றால், "வேற இடம் பாப்பம்" என்று சொல்லிவிடுவார். வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய ஆளானாலும் அந்தப் பேச்சில் மாற்றமில்லை.

நான் அப்போது அந்தத் தொழிலுக்குப் புதிது. இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு மார்க்கம் நகரத்திலிருந்து ஸ்காபரோவுக்கு வந்து, ஒருவரும் எடுக்காத தொலைபேசி எண்களுக்கு அடித்துக்கொண்டிருப்பேன். அன்ரிதான் எங்கள் கிளையில் அதிகம் விற்பவர். இனிக்க இனிக்கப் பேசமாட்டார். சேலையும் நகையுமாக வீட்டுக்குப் போய்ப் பலகாரம் சாப்பிட்டு உறவு கொண்டாடி விற்கிற ஆட்கள் எங்களில் இருந்தார்கள். அன்ரி ஒரு கறுப்புக் காற்சட்டையும் மண்ணிறக் கோட்டுமாகப் போவார், தேத்தண்ணி மட்டும் குடிப்பார். "உங்களுக்கு உது தேவையில்லை" என்று சிலருக்குச் சொல்லிவிட்டு எழும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்படி அவர் வேண்டாம் என்று சொன்ன குடும்பம் அடுத்த மாதம் நான்கு குடும்பங்களை அவரிடம் அனுப்பிவிடும். எனக்கு அது எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் தேவையானவர்களிடமே விற்க முடியாமல் இருந்தேன்.

எங்கள் சனத்தின் விருந்துகளில் நாற்காலிக்கு அடியில் ஓர் இலக்கத்தை ஒட்டிவிட்டு, கேக் வெட்டி முடிந்ததும் சீட்டிழுத்துப் பரிசு கொடுக்கிற ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு முறை ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் நானும் அன்ரியும் ஒரே மேசையில் இருந்தோம். அறிவிப்பாளர் எல்லோரையும் நாற்காலிக்கு அடியில் தடவிப் பார்க்கச் சொன்னார். அன்ரி எழுந்து, தன் கோட்டை எடுத்துக்கொண்டு, வெளியே பனிக்குள் போய்விட்டார். அவருடைய நாற்காலிக்குத்தான் பரிசு விழுந்தது, ஒரு ரைஸ் குக்கர். கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஆள் இல்லை. அதை என்னிடம் தந்தார்கள். வெளியே ஓடிப்போய் அவரிடம் நீட்டினேன். அதைத் தொடவே மாட்டேன் என்று கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். இந்தப் பெண்மணிக்கு இவ்வளவு வீம்பு ஆகாது என்று அன்று நினைத்தேன். அந்தக் குக்கர் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் அலுவலகத்துச் சமையலறையில் முன்னூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் நடக்கும். அதற்குத் தலைவர் ஜெயா அண்ணை. ஐம்பது வயதுக்காரர், ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், வாயைத் திறந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. காசு வைத்து விளையாடுவதில்லை, தோற்றவர் எல்லோருக்கும் கோப்பி வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான். ஜெயா அண்ணை சீட்டைக் கலைக்கத் தொடங்கினால் அன்ரி சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு காருக்குப் போய்விடுவார். மாசி மாதத்துக் குளிரிலும் காரின் எஞ்சினைப் போட்டுவிட்டு உள்ளே இருந்து புட்டுச் சாப்பிடுவார். "அக்காக்கு எங்களோட இருந்து சாப்பிட வெக்கம்" என்று ஜெயா அண்ணை சொல்வார். எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

அந்த வருடம் காப்புறுதி நிறுவனத்தின் பெரிய மாநாடு லாஸ் வேகாஸில் நடந்தது. எங்கள் கிளையிலிருந்து ஒரு பத்துப் பேர் தெரிவாகியிருந்தோம். நான் கடைசி ஆளாகத் தொத்திக்கொண்டவள். அன்ரிக்கு மேடையில் விருது. விமானச் சீட்டும் மாநாட்டுச் செலவும் நிறுவனத்தினுடையது. தங்குவதற்கு எங்கே என்பதை நாங்களே தெரிவு செய்து, இரண்டு பேருக்கு ஓர் அறை என்று பதிந்துகொள்ளலாம், கிளை பணம் கட்டிவிடும். எங்கள் முகாமையாளர் தர்ஷன், ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, என்னையும் அன்ரியையும் ஓர் அறைக்குப் போட்டுவிட்டார்.

கலியாணம் முடித்த பிறகு புருஷனும் பிள்ளைகளும் இல்லாமல் நான் போகும் முதல் பயணம் அது. எனக்குப் பெரிய ஆசைகள் இருந்தன. மாநாடு நடக்கிற பெரிய ஹோட்டலிலேயே தங்க வேண்டும். காலை நீட்டிப் படுக்கிற குளியல் தொட்டி வேண்டும். திரையை விலக்கினால் ஊர் முழுக்க வெளிச்சமாகத் தெரிய வேண்டும். இணையத்தில் படங்களை எல்லாம் பார்த்துவைத்திருந்தேன். அன்ரி என் பக்கத்து மேசையில் இருந்துகொண்டு ஒவ்வொரு ஹோட்டலுக்கும் தொலைபேசி எடுத்தார். தன் நிதானமான ஆங்கிலத்தில், முன்கதவிலிருந்து எலிவேற்றருக்கு எப்படிப் போக வேண்டும், இடையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மறுமுனையில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. எல்லாமே இருக்கிறது, உணவகம் இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, கசினோ இருக்கிறது என்று விளம்பரம் சொன்னார்கள். நன்றி சொல்லி வைத்துவிடுவார். அந்த ஊரில் பெரிய ஹோட்டல்களை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். சூதாட்டத் தளத்துக்குக் குறுக்கே நடக்காமல் உங்கள் அறைக்குப் போக முடியாது.

கடைசியில் அவர் தெரிவு செய்தது ஒரு சங்கிலி ஹோட்டல், ஒரே பெயரில் ஊருக்கு ஊர் இருப்பது. கிங்ஸ்ரனுக்குப் போகிற வழியிலும் இருக்கும், மொன்றியலுக்குப் போகிற வழியிலும் இருக்கும். காலையில் நாங்களே மாவை ஊற்றி வாஃபிள் சுட்டுச் சாப்பிடலாம். அதுவும் பெரிய தெருவிலிருந்து தள்ளி, நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜெயா அண்ணை ஒரு கிழமையாக அதை வைத்தே எங்களைச் சிரிக்கவைத்தார். காதில் ஒரு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு, அன்ரியின் குரலில், "ஹலோ, கதவைத் திறந்தா என்ன தெரியும்? வாஃபிள் தெரியுமோ?" என்பார். அன்ரிக்கு முன்னாலேயே ஒரு தரம் செய்தார். அன்ரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாத்தான் கதைக்கிறீர்" என்று சொல்லித் தன் வேலையைப் பார்த்தார். கஞ்சத்தனம் என்றுதான் எல்லோரும் முடிவு கட்டினோம். கிளைதான் பணம் கட்டுகிறது, பிறகு என்ன கஞ்சத்தனம் என்று யோசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் விடுவதாயில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவரை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். கும்பிட்டுவிட்டு வந்து காருக்குள் இருந்து பிரசாதம் சாப்பிடும்போது மெல்லக் கதையைத் தொடங்கினேன். எனக்காக இந்த ஒரு முறை பெரிய ஹோட்டலுக்கே போவோம் என்றேன். அவர் விரலைக் கடதாசியில் துடைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்:

"பிள்ளை, நான் கசினோவில என்ர வீட்டை விட்டனான். அதுக்குப் பிறகு மகளின்ர கலியாண நகையையும் விட்டனான். அதுதான் விசயம்."

பிறகு மிச்சத்தையும் சொன்னார். பார்க்டேலில் ஓர் அறையில் தொடங்கி, இரண்டு பேரும் இரண்டு வேலை செய்து, மார்க்கத்தில் வாங்கிய வீடு. கணவர் திடீரென்று போய்ச் சேர்ந்த பிறகு, கடைத் தொகுதி வாசலிலிருந்து கசினோவுக்கு ஓர் இலவச பஸ் போகிறது என்று யாரோ சொல்லி, பொழுது போகட்டும் என்று ஏறியிருக்கிறார். வீட்டுக்கு வருகிற சனம் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டும். அங்கே அந்தச் சூதாட்ட மெசினுக்கு முன்னால் ஒருவரும் அவரைப் பாவம் பார்க்கவில்லை. அது பெரிய ஆறுதலாக இருந்ததாம். மகளிடம், கோயிலுக்குப் போனேன், வேலையில் மேலதிக நேரம், சிநேகிதிக்குச் சுகமில்லை என்று பொய்யாகச் சொல்லியிருக்கிறார். நகைப்பெட்டி வெறுமையாக இருந்த அன்று மகள் கத்தவில்லை. அம்மா இனி ஒரு தரம் போனால் பேரப்பிள்ளையைத் தூக்கக் கேட்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். அப்போது பேரப்பிள்ளை பிறக்கவேயில்லை. எங்கள் பயணத்தின்போது அவனுக்கு ஆறு வயது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அன்ரியோடுதான் இருப்பான்.

ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள சூதாட்ட இடங்களுக்குத் தன்னை உள்ளே விட வேண்டாம் என்று அவரே போய் எழுதிக் கொடுத்திருந்தார். படமும் எடுத்து வைத்திருக்கிறார்கள், வாசலில் கண்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"என்ர படம் இஞ்சதான் பிள்ளை இருக்கு. லாஸ் வேகாஸில என்னை ஒருத்தருக்கும் தெரியாது."

அப்படியென்றால் போகாமலே விடலாமே என்று கேட்டேன். எனக்கு உண்மையில் பயமாகிவிட்டது.

"போகாட்டி ஏன் எண்டு கேப்பினம். ஒரு பொய் சொல்லவேணும். எனக்குப் பொய் வந்தா அதுக்குப் பின்னால மற்றதும் வரும். அது ரண்டும் எனக்கு ஒண்டுதான்."

அதனால்தான் சங்கிலி ஹோட்டல். எந்த ஊருக்குப் போனாலும் அது ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று விளக்கினார். கதவைத் திறந்தால் கவுண்டர், பக்கத்தில் எலிவேற்றர், அங்கால் சாப்பாட்டு அறை. தனக்குப் புதிதாக ஒன்றும் காட்டாத இடம்தான் தனக்கு வேண்டும் என்றார். மாநாட்டு மண்டபத்துக்கும் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். தெருப் பக்கமாக ஒரு தனிக் கதவு இருந்தது. ரக்ஸியில் போய் அதில் இறங்கினால் தளத்தைப் பார்க்கவே தேவையில்லை. மகளிடமும் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவள் தொலைபேசி எடுப்பாள், எங்கே நிற்கிறாய் என்று கேட்பாள், இவர் உள்ளதைச் சொல்வார். இதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் அவர் கேட்கவில்லை. ஆனால் அது என்னுடைய கதை அல்ல. நான் வாயை மூடிக்கொண்டேன்.

லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் விமானத்தை விட்டு இறங்கியதுமே மெசின்கள் நிற்கின்றன. அது எனக்குத் தெரியாது, அன்ரிக்குத் தெரிந்திருந்தது. கதவடியில் நின்று என்னைத் தன் இடப்பக்கம் வரச் சொன்னார்.

"உம்மட மூத்தவன் பிறந்த கதையைச் சொல்லும். விடாமச் சொல்லும்."

நான் தொடங்கினேன். பனிப்புயல், அம்புலன்ஸ் வராதது, புருஷன் ஆஸ்பத்திரி என்று நினைத்துப் பக்கத்துக் கட்டடத்துக்குள் காரை விட்டது, கடைசி நேரத்தில் வயிற்றை வெட்டினது என்று எல்லாவற்றையும் உரத்துச் சொல்லிக்கொண்டு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன். அவர் என் கைப்பையின் பித்தளைப் பூட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். மெசின்கள் கிலுகிலுவென்று சத்தம் போட்டன. அந்தச் சத்தம் கேட்ட இடங்களில் என் கையை இறுக்கினார், எனக்கு நன்றாகவே நொந்தது. பெட்டி எடுக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளையும் பிறந்துவிட்டான். "நல்ல பிள்ளை" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை, ஆனால் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

வெளியே எல்லோருக்குமாக ஒரு வான் வண்டி நின்றது. தர்ஷன் முன்னுக்கு இருந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எங்களை முதலில் இறக்கிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். வான் நேரே பெரிய தெருவுக்குள் போய், மாநாடு நடக்கிற ஹோட்டலின் முன்கதவில் நின்றது. இறங்கி நின்றதும் தர்ஷன் அறைக் கதவைத் திறக்கிற இரண்டு அட்டைகளை அன்ரியின் கையில் வைத்தார்.

"சப்ரைஸ் அன்ரி. உங்கட மற்ற புக்கிங்கைக் கான்சல் பண்ணியாச்சு. நாங்கள் எல்லாரும் சேர்ந்து உங்களுக்குப் பெரிய சுவீற் ரூம் எடுத்திருக்கிறம். யூ டிசேர்வ் இற்."

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. குழுவில் மூத்தவர் அவர், விருது வாங்கப் போகிறவர் அவர். அவரைத் தூர ஒரு மூலையில் வாஃபிள் சுடவிட்டுவிட்டு இளையவர்கள் மாளிகையில் படுத்தால் நாளைக்கு நாலு பேர் என்ன கதைப்பார்கள் என்று அவர்களுக்கு ஒரு குறை. எங்கள் சனம் மரியாதை செய்ய வெளிக்கிட்டால் கேட்டுச் செய்யாது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், ஆகவே கேட்காமல்தான் செய்வோம்.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து திறந்து மூடியது. திறக்கிறபோதெல்லாம் உள்ளே தெரிந்தது. பெரிய தளம், கண்ணுக்கெட்டிய மட்டும் மெசின்கள், சனம், மின்னுகிற வெளிச்சம். எலிவேற்றர் எங்கேயோ அதற்கும் அப்பால். அன்ரி பெட்டியின் கைபிடியைப் பிடித்தபடி நின்றார். கதவு திறக்கும்போது பார்க்காமல் இருப்பதற்காகத் தன் சப்பாத்தைப் பார்த்தார். அவருடைய கழுத்து வியர்த்திருந்தது. அது வெயிலால் அல்ல.

நான் கிட்டப் போய், நான் கதை சொல்கிறேன், மற்றவன் பிறந்த கதையும் இருக்கிறது, வாருங்கள் என்று காதுக்குள் சொன்னேன்.

"ஒருக்காப் போறதெண்டா உம்மட கதை காணும். மூண்டு நாள் ஏறி இறங்க உம்மட்ட அவ்வளவு பிள்ளையள் இல்லை."

சிரிக்கவில்லை, அப்படியே சொன்னார். பிறகு நான், சிகரெட் மணம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்வோம், தொய்வு, மூச்சுக்கோளாறு இருக்கிறது என்று சொல்வோம் என்றேன். உள்ளே உண்மையாகவே சிகரெட் மணத்தது, ஒருவரும் நம்பாமல் விடமாட்டார்கள். பின்னால் ஜெயா அண்ணை, "என்ன அக்கா, கதவைத் திறந்தா என்ன தெரியுது?" என்று பகிடி விட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அன்ரி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அட்டைகளைத் தர்ஷனின் கையிலேயே திருப்பி வைத்தார். அவருடைய தொழில் முழுக்க இந்தப் பத்துப் பேரின் வாயில் இருந்தது. காசு விசயத்தில் ஆளை நம்பலாம் என்கிற ஒரு பேச்சைத் தவிர எங்கள் தொழிலில் வேறு முதல் கிடையாது. அதை அவர் என்னைவிட நன்றாக அறிவார்.

"தம்பி, உங்கட மனசுக்குப் பெரிய நன்றி. நான் சூதாடினனான். வீட்டைத் துலைச்சனான், மகளைத் துலைக்கப் பாத்தனான். இந்தத் தளத்தால நான் நடந்தா அறைக்குப் போய்ச் சேருவன் எண்டு எனக்கே நம்பிக்கை இல்லை. அதாலதான் அந்த ஹோட்டலை எடுத்தனான். கஞ்சத்தனம் இல்லை."

தர்ஷன் முகம் சிவந்து, ஆங்கிலத்தில் என்னவோ மன்னிப்புக் கேட்கத் தொடங்கி முடிக்காமல் விட்டார். கணவனோடு வந்திருந்த ஒரு பெண் அவனைப் பார்த்தாள், கணவன் தொலைபேசியைப் பார்த்தான். நான் ஜெயா அண்ணையை நாலு வார்த்தை ஏசுவோம் என்று திரும்பினேன். அவர் எங்களைப் பார்க்காமல் அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது. அன்ரி எனக்கு முகம் துடைக்க ஒரு கடதாசி தந்து, ரக்ஸியைக் கூப்பிடச் சொன்னார்.

நான் வர வேண்டியதில்லை, பெரிய அறையில் தங்கலாம் என்றும் சொன்னார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் குளியல் தொட்டியை நினைத்தேன். பிறகு அவருடைய பெட்டியையும் சேர்த்து ரக்ஸியில் ஏற்றினேன்.

நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் எங்கள் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். ஐஸ்கட்டி மெசினுக்குப் பக்கத்தில் ஓர் அறைதான் மிச்சம், சத்தம் கேட்கும், பரவாயில்லையா என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். அது என்ன மெசின் என்று அன்ரி இன்னொரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பின்னேரம் மகள் எடுத்தபோது நடந்ததை நடந்தபடி சொன்னார். பிறகு பேரன் வந்து தொலைபேசியைப் பிடுங்கி, தன் பல் ஒன்று ஆடுகிறது என்று நெடுநேரம் கதைத்தான்.

செய்தி எங்களுக்கு முன்னமே ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாங்கள் திரும்பியபோது ஸ்காபரோவில் தெரியாத ஆள் இல்லை. சில குடும்பங்கள் தங்கள் காப்புறுதியை வேறு முகவரிடம் மாற்றின. அதில் ஒருவர் என்னிடமே வந்தார், நான் எடுக்கவில்லை. அந்த வருடம் அன்ரி முதலாவதாக வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை. ஆனால் அவருடைய தொலைபேசி முன்பைவிட அதிகம் அடித்தது. காப்புறுதி எடுக்காத ஆட்களும் தொலைபேசி எடுத்தார்கள். மகன் இரவில் எங்கே போகிறான் என்று தெரியவில்லை என்றார்கள், அம்மா கோயில் பஸ் என்று சொல்லிவிட்டு எந்த பஸ்ஸில் ஏறுகிறா என்று தெரியவில்லை என்றார்கள். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லமாட்டார், தன் கதையைச் சொல்வார், எங்கே போய்ப் படம் கொடுக்க வேண்டும் என்று சொல்வார். எனக்குத் தெரிந்து எந்த அழைப்பையும் எடுக்காமல் விட்டதில்லை.

இதெல்லாம் பிறகு. அந்த ஊரில் இறங்கிய மறுநாள் காலை நடந்ததுதான் எனக்கு அவரை நினைக்கும்போது முதலில் வருவது.

நாங்கள் சாப்பிடக் கீழே இறங்கி வந்தோம். அன்ரி விருதுக்குக் கட்டவிருந்த சேலையை அறையில் மினுக்கி வைத்துவிட்டு, அந்தக் கறுப்புக் காற்சட்டையோடு வந்தார். எலிவேற்றர் கதவு திறந்ததும் எதிரே முன்கதவு தெரிந்தது. அதற்குப் பக்கத்துச் சாப்பாட்டு மேசையில் ஜெயா அண்ணை இருந்தார். காலடியில் அவருடைய பெட்டி. நேற்றுப் போட்டிருந்த அதே சேட். முகம் வழித்திருக்கவில்லை. எங்களைக் கண்டதும் எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். அந்த மனிதர் பகிடி ஒன்றும் சொல்லாமல் நின்றதை அன்றுதான் முதல் தரம் பார்த்தேன்.

நான் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். அன்ரி என் கையைப் பிடித்து நிறுத்தினார். போய் அவருக்கு முன்னால் இருந்தார்.

"வீட்டில தெரியாது அக்கா" என்றார் ஜெயா அண்ணை. மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "ஒருத்தருக்கும் தெரியாது."

அன்ரி தலையாட்டினார். எவ்வளவு காலம், எவ்வளவு போனது, நேற்று உள்ளே போனீரா என்று ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு சிறு பையன் வாஃபிள் அச்சைத் திருப்பிவிட்டுத் தகப்பனோடு நின்றான், மாவு மணத்தது. கவுண்டரில் அதே பெண் யாருக்கோ அறைத் திறப்பு அட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜெயா அண்ணை தன் பெட்டியைக் காலால் கொஞ்சம் கிட்ட இழுத்தார்.

"விடிய வந்தனான். இந்தக் கதவைத் திறந்தன் அக்கா. எலிவேற்றர் தெரிஞ்சுது. வேற ஒண்டும் தெரியேல்லை."

"ஓம்" என்றார் அன்ரி. "வேற ஒண்டும் இல்லை. முதல் சாப்பிடும்."

எழும்பிப் போய், மாவை ஊற்றி அச்சை மூடி, அவருக்கும் ஒன்று சுட்டுக்கொண்டு வந்து வைத்தார்.